இந்த வண்டி ஆரஞ்சு நிறம்

அத்தியாயம் 9

கம்போன் நல்லவனா, இல்லையா என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியாது. ஆறு வருடமாகத் தைவானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான், ஞாயிறு தவறாமல் பேசுகிறான். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எப்படி எடைபோடுவது?

இடையில் ஒருமுறை வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனான். போய் இறங்கியதும் ஒரு கறுப்பு பிக்கப் வண்டி வாங்கச் சொல்லி ஃபோன் செய்தான். அவனுடைய மனைவி பிகுனும் அப்பா புன்மாவும் உடோன் நகரம் வரை போய் வாங்கி வந்தார்கள். இந்த மூன்று வருடத்தில் கம்போன் அந்த வண்டியைத் தொட்டதில்லை. ஃபோன் திரையில்தான் பார்த்திருக்கிறான்.

இப்போது இரண்டாவது ஒப்பந்தமும் முடிகிறது. சொங்க்ரான் புத்தாண்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அதற்கு இன்னும் மூன்றே வாரம். அவன் வருவதற்குள் வண்டிக்கு உள்விளக்கு, சீட்டு, கதவுத் தையல், சைலன்சர் எல்லாம் மாற்றியாக வேண்டுமாம். வண்டியைக் கும்பவாபி ஊரில், வண்டி அலங்கார வேலை செய்கிற துய்யின் கடையில் விட்டுவிட்டு, பிகுன் வெயிலில் நடந்து பஸ் ஏறியதோடு போன வாரம் நின்றோம். இன்று வேலை முடிகிற நாள்.

காலை எட்டரைக்கே வெயில் ஏறிவிட்டது. பிகுன் சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள். அந்த சைடுகாரில்தான் தினமும் சோளம் அவிக்கிற பானை சந்தைக்குப் போகும். வாசலில் இவ்வளவு பெரிய பிக்கப் நிற்க, சோளம் ஏன் மோட்டார் சைக்கிளில் போகிறது என்று ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. "பெயிண்ட்ல கீறல் விழுந்துடும். நான் வர்ற வரைக்கும் எதையும் ஏத்தாத" என்று கம்போன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். அவள் ஏற்றவில்லை. சீட்டின் மேல் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

ஆனால் ஒன்று. மத்தியானச் சந்தை முடிந்து வந்ததும் வண்டிக்குள் ஏறி உட்காருவாள். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கால் மணி நேரம் பேசுவாள். சோளம் விற்ற கதை, மாமனாரின் முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று எல்லாமே பேச்சில் வரும். ஓட்டுநர் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் எப்போதும் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள்.

புன்மா இன்று சைடுகாரில் பானை இருக்கிற இடத்தில் உட்கார்ந்தார். மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், அதுவும் உரக்க.

"தலைமுடிய வெட்டிட்டியா என்ன?" என்றார்.

"நேத்தே வெட்டிட்டேன்பா. நீங்க இப்பத்தான் பாக்குறீங்க."

"எதுக்கு?"

"உங்க புள்ள வர்றாருல்ல."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இறுக்கிப் புடிச்சுக்கங்க."

போகிற வழியில் மெத்தைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். இரண்டு தலையணைக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள். வரும்போது எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் தலையணை இல்லாமலா போயிற்று? இருக்கிறது. ஆனால் ஒன்றுதான் குழிவிழுந்திருக்கிறது. இன்னொன்று கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

துய்யின் கடை என்றால் நெடுஞ்சாலை ஓரம் ஒரு தகரக் கொட்டகை. அவன் பிக்கப்பின் முன்பக்கக் கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டு, கால் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு, வாயில் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கவ்வியிருந்தான். கதவுப் பலகையைத் தட்டி மாட்டிவிட்டு எழுந்தான்.

"வா தங்கச்சி. வாங்கப்பா. உள்ள வந்து பாரு, கல்யாண மண்டபமே கட்டி வெச்சிருக்கேன்."

கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, சுவிட்சைப் போட்டான். டாஷ்போர்டின் அடியில், கதவுகளின் இடுக்கில், கால் வைக்கிற இடத்தில் எல்லாம் மெல்லிய விளக்குப் பட்டை எரிந்தது. கூரையில் நட்சத்திரம் தெளித்தமாதிரி நூறு புள்ளி. சீட்டில் கறுப்பு ரெக்ஸின், அதன் மேல் கட்டம் கட்டமாக டைமண்டு தையல்.

விளக்கும் நூலும் எல்லாமே ஆரஞ்சு.

"அண்ணே, ஊதான்னுதானே சொல்லியிருந்தாரு?"

"சொன்னாரு. ரெண்டு கதவுக்கு ஊதா நூல்ல தைச்சே முடிச்சிட்டேன். போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணி எல்லாம் ஆரஞ்சா மாத்துன்னாரு. உக்காந்து பிரிச்சேன் பாரு, விரலெல்லாம் போச்சு."

பிகுன் சிரித்தாள். அந்த மனுஷனுக்குப் புத்தி நிலையாக நிற்காது என்று நினைத்தாள். ஆனால் கம்போன் சனிக்கிழமை பிறந்தவன். பிறந்த கிழமைக்கென்று ராசியான நிறம் பார்ப்பது எங்கள் வழக்கம்; சனிக்கு ஊதா ராசி, கறுப்பு ராசி. அதற்காகத்தான் இந்தக் கறுப்பு வண்டியையே எடுத்தார்கள். ஷோரூமில் வெள்ளை உடனே கிடைக்கும் என்றபோதும் கறுப்புக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தார்கள்.

"சத்தம் கேக்குறியா?" என்றான் துய். "மூணு இஞ்ச் குழாய், சைலன்சரே இல்ல. பச்சப் புள்ள தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கும்."

"போலீஸ் நிறுத்தமாட்டானா?"

"நிறுத்துவான். அதெல்லாம் எடுத்துட்டுப் போறவன் பாத்துக்குவான்" என்றான். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஸ்பானரைத் தேடுவதுபோலக் கீழே குனிந்தான்.

பிகுன் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் பின்சீட்டில் இருந்தது. அங்கே ஒரு ஸ்டிக்கர், இன்னும் காகிதம் உரிக்காதது. பின்கண்ணாடியில் ஒட்டுகிற அளவு. கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: இந்த வண்டி ஆரஞ்சு நிறம்.

எங்கள் சாலைகளில் இது தினமும் கண்ணில் படுகிற சமாசாரம். சிவப்பு வண்டியில் 'இந்த வண்டி மஞ்சள்' என்று இருக்கும். வெள்ளை வண்டியில் 'இந்த வண்டி பச்சை' என்று இருக்கும். பிறந்த கிழமைக்கு ஆகாத நிறத்தில் வண்டி வாய்த்துவிட்டால் பெயிண்ட் அடித்து மாளாது. அதனால் எழுதி ஒட்டிவிடுவோம். கிரகங்கள் படித்துப் பார்த்து விலகிப் போய்விடும் என்று நம்பிக்கை. யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆனால் சனிக்கிழமைக்காரனுக்குக் கறுப்பு வண்டியில் இந்த ஸ்டிக்கர் எதற்கு?

"அப்பா, கறுப்பு எந்தக் கிழமைக்கு ஆகாது?" உரக்கக் கேட்டாள்.

"வியாழன்" என்றார் புன்மா. யோசிக்கவே இல்லை. "வியாழனுக்குக் கறுப்பும் ஆகாது, ஊதாவும் ஆகாது. ஆரஞ்சுதான்."

பிகுன் திங்கட்கிழமை பிறந்தவள். புன்மா ஞாயிறு. வீட்டில் வியாழக்கிழமை யாருமில்லை.

ஆறு வருடம். தைவானில் அந்தத் தொழிற்சாலையில் நம் ஊர்ப் பெண்களும் வேலை செய்கிறார்கள். சந்தையில் ஒருத்தி போன வருடமே சாடையாக ஏதோ சொன்னாள். இவள் அவளுடன் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஊதா நூலைப் பிரித்து ஆரஞ்சு நூல் போடும் அளவுக்கு ஒருத்தி. அவள் உட்காருவதற்காக இந்த சீட்டு. பக்கத்து சீட்டு.

"யாருண்ணே அவ?" என்றாள்.

"யாரு?"

"வியாழக்கிழமைக்காரி."

துய் கையில் இருந்த துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"தங்கச்சி, அவரு உங்கிட்டச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"சொல்லு."

"அப்படி யாரும் இல்ல. பொம்பளையே இல்ல. சத்தியமா. ஐஸ் ஃபேக்டரி முதலாளி சரின் இருக்காருல்ல, அவரு வியாழக்கிழமை."

"அவருக்கும் இதுக்கும் என்ன?"

"வண்டிய அவருதான் எடுத்துக்கறாரு. உன் வீட்டுக்காரரு பேசி முடிச்சிட்டாரு. நாளைக்குக் காலையில ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு நல்ல நேரம் பாத்து, பிக்குவக் கூட்டிட்டு வந்து வண்டிக்குப் பொட்டு வெச்சு எடுத்துட்டுப் போறாரு. வண்டி உன் பேர்ல இருக்கறதால உன் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னிக்கு மத்தியானம் வீட்டுக்குத் தாள் கொண்டு வர்றதாச் சொன்னாரு."

ஒரு நிமிடம் பிகுனுக்கு நிம்மதியாக இருந்தது. இதை அவளே அப்புறம் நினைத்து வெட்கப்பட்டாள். பெண் இல்லை என்றதும் உடம்பு இளகிவிட்டது. அந்த நிம்மதி முழுதாக இறங்குவதற்குள்ளேயே அடுத்தது வந்து இடித்தது. மூன்று வாரத்தில் வருகிறவன் வண்டியை ஏன் விற்கிறான்? மூன்று வருடம் ஒரு சோளக் கதிரைக்கூட ஏற்றவிடாமல் காத்த வண்டியை?

வருகிறவன் விற்கமாட்டான்.

"என்னம்மா சொல்றான்?" என்றார் புன்மா.

"விளக்கு நல்லா இருக்குன்னு சொல்றாருப்பா."

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். தலையணைக் கடைக்காரி ஞாபகம் வந்தது, ஏனென்று தெரியவில்லை. கடைக்கு ஃபோன் செய்து ஒன்று போதும் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பதினொன்றுக்கு ஃபோன் அடித்தது. அங்கே அவனுக்குச் சாப்பாட்டு நேரம். திரையில் கம்போன் தொழிற்சாலை வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை. நெற்றியில் தொப்பி அழுத்திய தடம். முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. அதை அவள் ஞாயிறு தோறும் பார்த்தும் இன்றுதான் பார்த்தமாதிரி இருந்தது.

"கடைக்கு வந்துட்டியா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆரஞ்சா இருக்கு."

அவன் நெற்றித் தடத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"ம். நூடுல்ஸ். நீ?"

"இன்னும் இல்ல. வீட்டுலேர்ந்து ஒட்டரிசிச் சோறு கொண்டு வந்திருக்கோம்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "என்னிக்கு டிக்கெட்?"

"சத்தம் கேக்கணும் பிகுன்" என்றான். "அந்தப் புதுக் குழாய்ச் சத்தம். ஃபோனை அப்பாகிட்டக் குடு. அவரு பின்னாடி குழாய்கிட்டப் புடிக்கட்டும். நீ உள்ள உக்காந்து மிதி. நல்லா மிதி, நான் சொல்ற வரைக்கும் விடாத."

கேட்டதற்கு இது பதிலா? ஆனாலும் அவள் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆறு வருடத்தில் அவன் கேட்டதை அவள் மறுத்ததில்லை. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மாமனாரிடம் கொடுத்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தினார். துய்யும் கூடப் போய் நின்றான், தன் கைவேலையைக் கேட்க.

பிகுன் சாவியைத் திருப்பி மிதித்தாள்.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நெடுஞ்சாலையில் போன ஒரு கரும்பு லாரியின் டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்க ஒருவகையில் நன்றாகத்தான் இருந்தது. எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. அவள் இன்னும் மிதித்தாள். மூன்று வருடம் தன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வண்டி, இன்று அது பேசுகிறது என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுதாள். யாருக்குக் கேட்கப் போகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். மாமனார் ஃபோனைக் குழாய் அருகே பிடிக்கவில்லை. காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். மறுகாதைக் கையால் பொத்தியிருந்தார். அவர் வாய் 'என்னது, என்னது' என்று அசைந்தது. துய் இரண்டடி தள்ளிப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்போன் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கிறான்.

அவள் காலை எடுத்துச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது. அந்த அமைதியில் அவன் குரல் மட்டும் ஓயத் தெரியாமல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"நான் வரலப்பா! மறுபடி மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்! எனக்கு வீட்டுக்கு வர பயமா இருக்கு, நீங்களே அவகிட்ட..."

குரல் நின்றுவிட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது.

புன்மா மெதுவாக எழுந்தார். இந்த ஒருமுறை அவருக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்லத் தேவைப்படவில்லை. ஃபோனை மருமகளிடம் நீட்டினார். "எனக்குக் கேக்கலம்மா" என்றார். கேட்டதுதான். எல்லோருக்கும் கேட்டது. அவர் போய்க் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டார்.

பிகுன் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இப்பச் சத்தம் இல்ல" என்றாள். "எங்கிட்டச் சொல்லுங்க."

அவன் படிக்கட்டிலேயே இருந்தான். கண்ணை அவள் பக்கம் திருப்பவில்லை.

"கோபப்படு பிகுன். திட்டு."

"திட்டல. எதுக்குப் பயம்? நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. போன தடவை வந்தேன்ல, இருபது நாள். ஒரு டம்ளர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. ஒவ்வொண்ணுக்கும் உன்னையக் கேட்டேன். நீ விருந்தாளிக்குக் கொடுக்கற மாதிரி எடுத்து எடுத்துக் குடுத்த. ராத்திரி நீ சுவரோரமா ஒதுங்கிப் படுத்த, எனக்கு இடம் விடணும்னு. எனக்கு இங்க என் படுக்கை தெரியும், என் மிஷின் தெரியும். அங்க அந்த வண்டி ஒண்ணுதான் என்னோடதுன்னு இருந்துச்சு. அதையும் ஃபோன்லயே பாத்துப் பாத்து, வந்து ஓட்டினா அதுவும் வேற யாரோட வண்டியோ மாதிரி இருந்துடும்னு..." அவன் முடிக்கவில்லை. "சரின்கிட்டக் குடுத்துடலாம். நீ கையெழுத்துப் போட்டுடு."

துய்யின் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அவன் பிகுனைப் பார்த்தான். "ஐஸ் ஃபேக்டரி" என்றான் தாழ்ந்த குரலில். "என்ன சொல்லட்டும்?"

"வண்டிக்குச் சொந்தக்காரி கையெழுத்துப் போடலன்னு சொல்லுங்கண்ணே."

"பிகுன்" என்றான் கம்போன்.

"போடமாட்டேன். விக்கணும்னா நீங்க வாங்க. நேர்ல வந்து தாள நீட்டுங்க. உங்க கண்ணு முன்னாடி போடறேன். ஃபோன்ல கேட்டா நான் எதுக்கும் தலையாட்டினது போதும்."

இப்படிப் பேச வருமென்று அவளுக்கே தெரியாது.

பின்னால் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தது. நீலச் சட்டைகள் அவனைக் கடந்து உள்ளே போயின. அவன் எழுந்திருக்கவில்லை.

"வந்தா" என்றான் கடைசியில். "வந்தா நாம என்ன பேசுவோம் பிகுன்?"

எவ்வளவோ பேச இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூன்று வருடமாகத் தினமும் கால் மணி நேரம் பேசியவள்தானே. அதில் ஒன்றை எடுத்து இப்போது சொல்லலாமே என்று தேடினாள். எதிரே அவன் முகம் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

அவனுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் ஃபோனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.